ரிதம் பொத்தான் இல்லாத கோர்க் பெட்டி வாங்கிவிட்டேன், இதில் பாட்டு கட்டுவது எப்படி?

தப்புக்காரர் பேரன் (தலவாக்கலை) எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறேன். டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை. போட்டோகொப்பி அடிப்பது, ரீலோட் போடுவது, ஸ்கூல் பிள்ளைகளின் ஒப்படையை டைப் அடித்துக் கொடுப்பது. பத்து வருடமாகக் கீபோர்ட் வாசிக்கிறேன். கோயில் திருவிழா, கலியாண வீடு, பிறந்தநாள், எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். என்னிடம் இருப்பது பழைய யமஹா பிஎஸ்ஆர். இடது கையில் கோட் பிடித்தால் டிரம்ஸும் பேஸும் தானாக ஓடும், வலது கையில் பாட்டை வாசிக்க வேண்டியதுதான். சொந்தமாக ஒரு பாட்டுக்கூடக் கட்டியதில்லை. கட்டப் பார்த்தால் ரிதம் பொத்தானை அமுக்கிய உடனே அது ஏதோ ஒரு சினிமாப் பாட்டாகிவிடும்.

போன மாதம் கொழும்பில் இருக்கிற மாமா மகன், ஜப்பான் பழைய சாமான் விற்கிற ஒரு கடையில் ஒரு சிந்தசைசரைப் பார்த்துப் படம் அனுப்பினான். கோர்க் கம்பெனியின் மைக்ரோகோர்க். 2002இல் வந்த மொடல். 37 சின்னக் கட்டைகள், இரண்டு பக்கமும் மரம், கழுத்து வளைகிற ஒரு மைக். பார்க்க அழகாக இருந்தது. சீட்டுக் காசு 55,000 ரூபாயைக் கொடுத்து வாங்கினேன். அம்மாவிடம் 20,000 என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, இதில் ரிதம் இல்லை. பியானோ, புல்லாங்குழல், தபேலா எதுவும் இல்லை. ஒரே நேரத்தில் நாலு சுரம்தான் கேட்கும், ஐந்தாவதை அமுக்கினால் ஒன்று போய்விடும். 128 சத்தம் இருக்கிறது, ஆனால் டெக்னோ, ட்ரான்ஸ், ஹிப்ஹொப் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் திருப்பினால் ராக்கெட் கிளம்புகிற மாதிரி ஒன்று, தண்ணீருக்குள் மணி அடிக்கிற மாதிரி இன்னொன்று. மேலே ஐந்து குமிழ். ஒரே குமிழ் ஒரு நேரம் சத்தத்தைக் கூட்டுகிறது, இன்னொரு நேரம் சுருதியைக் கெடுக்கிறது. விளக்கப் புத்தகமும் இல்லை, அடாப்டரும் இல்லை. ஆறு பென்டோர்ச் பற்றரி போட்டு ஓட்டுகிறேன், அதற்கே சம்பளம் போகிறது. வீட்டில் ஒரு ரவுட்டர் அடாப்டர் சும்மா கிடக்கிறது, 12 வோல்ட். அதைக் குத்தலாமா?

எதற்காக வாங்கினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா தப்பு மேளம் அடிக்கிறவர். எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து (சிவன் மன்மதனை எரித்த கதை) நடக்கும்போது விடிய விடிய அடிப்பார். இப்போது வயது 78, கை நடுங்குகிறது. இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து தொடையில் தட்டிக் காட்டுவார், நான் போனில் பிடித்து வைத்திருக்கிறேன். அந்த அடியில் ஒன்று ஆறு எண்ணிக்கையில் சுற்றி வரும். அதை வைத்து மூன்று, நாலு நிமிடத்துக்கு ஒரு இசை செய்ய வேண்டும். பாடல் வரி இல்லை, வெறும் இசை. ரதி அழுகிற இடத்தில் எல்லாரும் அமைதியாகிவிடுவார்களே, அப்போது தப்பு மட்டும் மெதுவாகப் போகும். அந்த நேரம்தான் என் மனதில் இருக்கிறது.

இரண்டு வாரமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருகிறேன். எதை வாசித்தாலும் வேறு யாரோ வீட்டுச் சாமானை எடுத்துவந்து நம் வீட்டில் வைத்த மாதிரி இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? யூடியூப்பில் வெள்ளைக்காரர்கள் குமிழைத் திருப்பித் தலையை ஆட்டுகிறார்கள், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சவுண்ட்செட் மாமா (ஹட்டன்) எழுதியது:

தம்பி, முதலில் கரண்ட். ரவுட்டர் அடாப்டரைத் தொடாதே. உன் பெட்டிக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி. பின்னால் அடாப்டர் குத்துகிற ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டப் படம் இருக்கும், நடுவில் பிளஸா மைனஸா என்று காட்டும். கடைக்குப் பெட்டியையே எடுத்துக்கொண்டு போ, படத்தைக் காட்டி அதே மாதிரி வாங்கு. மாமா மகன் அந்தக் கடையிலேயே அடாப்டர் தேடிக் கொடுத்தாலும் லேபலை வாசி. ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நம்முடையது 230. நான் 1990களில் ஒரு எக்கோ மெஷினை அப்படியே சுவரில் குத்தி, ஒரு திருவிழாவை நடுவில் நிறுத்தியவன். புகை வந்தது, கோயில் தலைவர் சாம்பிராணி என்று நினைத்தார்.

இனி பெட்டி. நீ அதை ஓர்கன் என்று நினைத்துப் பார்க்கிறாய், அதனால்தான் கோபம் வருகிறது. ஓர்கனில் சத்தம் தயாராக இருக்கும், நீ சுரத்தைத் தேடுவாய். இதில் சத்தத்தையே நீதான் செய்ய வேண்டும்.

குமிழ் குழப்பத்துக்கு வருவோம். மேலே ஒரு அட்டவணை அச்சடித்திருக்கிறதே, அதைத் தோட்டத்துச் செக்ரோல் (சம்பளப் பதிவேடு) மாதிரி வாசி. இடது பக்கம் பெயர் வரிசை, குறுக்கே ஐந்து கட்டம். எடிட் செலக்ட் என்று இரண்டு வட்டக் குமிழ் இருக்கிறது, அவை எந்த வரிசை என்று சொல்லும். அந்த வரிசையில் உள்ள ஐந்து வேலையையும் ஐந்து குமிழும் செய்யும். வரிசை மாறினால் வேலை மாறும், அவ்வளவுதான். 'ஒரிஜினல் வேல்யூ' என்று ஒரு சின்ன விளக்கு இருக்கும். குமிழைத் திருப்பும்போது அது எரிந்தால், ஏற்கனவே பதிந்து வைத்திருந்த இடத்துக்கு வந்துவிட்டாய் என்று அர்த்தம். வழி தவறினால் அந்த விளக்கைத் தேடு.

ஒசிலேட்டர் என்பது மூலச் சத்தம், பச்சைக் கொழுந்து மாதிரி. ஃபில்டர் அதைச் சலிக்கிறது. வாயைத் திறந்து 'ஆ' என்று இழுத்துக்கொண்டே உதட்டைக் குவித்து 'ஊ' என்று முடித்துப் பார். குரல் அதேதான், மேலே இருந்த கூர்மை மட்டும் அடைபடுகிறது. கட்ஆஃப் குமிழ் அந்த உதடு. ரெசனன்ஸ் மூக்கால் பேசுகிற மாதிரி. அப்புறம் அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ் என்று நாலு. சத்தம் எப்படிப் பிறந்து எப்படிச் சாகிறது என்பது இந்த நாலில்தான். தப்புக்குச் சஸ்டெயின் பூச்சியம். அடித்தவுடன் பிறக்கும், உடனே விழும்.

உன் தாத்தாவிடம் இரண்டு குச்சி இருக்கும். நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி, தடித்த அடிக்குச்சி. முதலில் அடிக்குச்சிச் சத்தம் செய். முதல் ஒசிலேட்டரில் சைன் அல்லது ட்ரயாங்கிள் அலை, இரண்டாவதின் அளவு பூச்சியம். மிக்சர் வரிசையில் நோய்ஸ் என்று இருப்பதை லேசாகக் கூட்டு. கீழ்க் கட்டையில் அடித்துப் பார். பிறகு அதே சத்தத்தில் நோய்ஸைக் கூட்டி, டிகேயைக் குறைத்து, மேல் கட்டையில் அடி, சிண்டுக்குச்சி வரும். ஒரு வாரத்துக்கு வேறு எந்தச் சத்தத்துக்கும் போகாதே.

ரிதம் இல்லை என்றாயே, இருக்கிறது. ஆர்பெஜியேட்டரைப் போட்டு வகையை 'ட்ரிகர்' என்று வை. பிடித்த கட்டை அடி அடியாக விழும். எடிட் செலக்டை ஆர்பெஜியோ வரிசைக்குக் கொண்டு போனால் 1 முதல் 8 வரையான பொத்தான்கள் எட்டு அடியாகிவிடும். வேண்டாத அடியை அமுக்கி அணை. 'லாஸ்ட் ஸ்டெப்' என்பதை 6 என்று வைத்தால் எட்டுக்குப் பதில் ஆறில் சுற்றும். உன் தாத்தாவின் ஆறு அதில் உட்காருமா என்று பார்.

கலியாணவீட்டு கீபோர்டிஸ்ட் (பண்டாரவளை) எழுதியது:

என்னைக் கேட்டால் வித்துவிடு தம்பி. 55,000க்கு இன்னும் கொஞ்சம் போட்டால் ஸ்டைல் உள்ள நல்ல கீபோர்ட் வரும், நாலு கலியாணத்தில் காசைப் பிடித்துவிடலாம். தப்புச் சத்தம் வேண்டுமென்றால் தப்பை அடித்து ரெக்கோட் பண்ணலாமே, அதற்கு எதற்கு ஜப்பான் பெட்டி?

சங்கீத டீச்சர் (பதுளை) எழுதியது:

மேலே கேட்ட கேள்வி நியாயம்தான். தப்பை ரெக்கோட் பண்ணத்தான் வேண்டும். தாத்தா அடிப்பதை இப்போதே நல்ல மைக்கில் பிடித்து வையுங்கள், அது தனி வேலை. ஆனால் பெட்டியை விற்கச் சொல்ல மாட்டேன்.

தம்பி, உங்கள் எழுத்தில் ஒரு இடம் எனக்குப் பட்டது. ரிதம் பொத்தானை அமுக்கினால் சினிமாப் பாட்டாகிவிடுகிறது என்றீர்கள். அது ரிதத்தால் மட்டும் வருவதில்லை, உங்கள் விரலாலும் வருகிறது. பத்து வருடமாக வாசித்த பாட்டெல்லாம் விரலில் இருக்கிறது. கோட் பிடித்த உடனே கை தெரிந்த வழியில் போகும். ஆகவே முதலில் கோட்டை மறந்துவிடுங்கள். நாலு சுரம்தான் கேட்கும் என்பது உங்களுக்கு நல்லது. மூன்றைச் சுருதிக்கு விட்டுவிட்டு ஒன்றை மட்டும் வாசியுங்கள்.

ஒரு விளையாட்டு சொல்கிறேன். நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது. வெள்ளைக் கட்டையைத் தொடக்கூடாது. கறுப்புக் கட்டை ஐந்தும்தான். மூன்று கட்டை சேர்ந்திருக்கிற கூட்டத்தில் முதலாவதை சட்ஜமாக (ச) வைத்து ஏறினால் மோகனம். அதே ஐந்து கட்டைதான், இரண்டு கட்டைக் கூட்டத்தின் முதலாவதிலிருந்து தொடங்கினால் சுத்த சாவேரி. அந்தக் கூட்டத்தின் இரண்டாவதிலிருந்து சுத்த தன்யாசி. மூன்று கட்டைக் கூட்டத்தின் நடுவிலிருந்து மத்தியமாவதி, கடைசியிலிருந்து ஹிந்தோளம். கிரகபேதம் என்பது இதுதான். கை மாறவில்லை, சட்ஜம் மட்டும் இடம் மாறுகிறது, மனம் முழுதாக மாறிவிடுகிறது. ரதி அழுகிற இடத்துக்கு எது என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்தையும் ஒவ்வொரு ராத்திரி வாசித்துப் பாருங்கள்.

சட்ஜம் மனதில் பதிய அடியில் சுருதி ஓட வேண்டும். இரண்டாவது ஒசிலேட்டரில் 'செமிடோன்' என்பதை 7க்கு வைத்தால் ஒரு கட்டையிலேயே ச-ப இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். சுருதிப்பெட்டி ஆகிவிட்டது. அதைத் தனியாகப் பதிவு செய்து ஓடவிட்டு மேலே வாசியுங்கள்.

கமகத்துக்கு (சுரத்தை வளைத்து இழுப்பதற்கு): வாய்ஸ் வரிசையில் 'மோனோ' என்று வைத்து, போர்ட்டமெண்டோவை லேசாகக் கூட்டினால் சுரத்திலிருந்து சுரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். கூடக் கூட்டினால் குடித்தவர் பாடுகிற மாதிரி இருக்கும், கவனம். இது ஒன்றும் புதிதில்லை. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் கம்பெனியின் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 என்ற மூன்று பெட்டிகளையும் வைத்துக்கொண்டு ஹிந்துஸ்தானி ராகங்களைப் பதிவு செய்தார். டிபி-303 உண்மையில் பேஸ் கிட்டாருக்குப் பதிலாகச் செய்த பெட்டி. அதில் சுரம் வழுக்குகிற வசதி ராகத்துக்கு எவ்வளவு ஒத்துப்போனது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். செய்தவர்கள் நினைத்ததும் வாசித்தவர் கண்டதும் வேறு வேறு.

தப்புக்காரர் பேரன் (தலவாக்கலை) எழுதியது:

மாமா, டீச்சர், ரெண்டு பேருக்கும் நன்றி. பண்டாரவளை அண்ணே, விற்க மனமில்லை. விற்றால் அம்மாவுக்கு உண்மை விலை தெரிந்துவிடும்.

9 வோல்ட் அடாப்டர் ஹட்டனில் கிடைத்தது. மாமா சொன்ன மாதிரி பெட்டியையே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த அக்கா இது ஸ்கேல் தராசா என்று கேட்டார்.

ஒரு பெரிய தவறு செய்துவிட்டேன், வேறு யாரும் செய்யக்கூடாது என்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி அடிக்குச்சிச் சத்தம் ஒன்று வந்தது. இரண்டு மணி நேரம். கட்ஆஃபைக் கொஞ்சம், டிகேயைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஒரு இடத்தில் அப்படியே நின்றது. சந்தோசத்தில் அடுத்த சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் புரோகிராம் பொத்தானை அமுக்கினேன். திரும்பி வந்தால் அது இல்லை. பழைய ட்ரான்ஸ் சத்தம் பல்லை இளிக்கிறது. 'ரைட்' பொத்தானை அமுக்கிப் பதியாமல் அடுத்ததற்குப் போனால் செய்தது எல்லாம் போய்விடும் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு குமிழின் எண்ணையும் போட்டோகொப்பித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆறு அடி உட்கார்ந்தது மாமா. ஒன்று, மூன்று, நாலு, ஆறு எரிகிறது, இரண்டும் ஐந்தும் அணைந்திருக்கிறது. கறுப்புக் கட்டையில் மூன்று ராத்திரி போனது. மோகனம் எனக்குக் கோயில் மணி மாதிரி வெளிச்சமாக இருக்கிறது. சுத்த தன்யாசியில் நின்றிருக்கிறேன். கடைக் கம்பியூட்டரில் ஓடேசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளை இறக்கி, கடை பூட்டின பிறகு ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிகிறேன். ஒரு தொல்லை: கம்பியூட்டரோடு வயரைக் குத்தினால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் விடாமல் வருகிறது.

நைட்சிப்ட் (பொகவந்தலாவை) எழுதியது:

தேயிலை ஃபெக்டரியில் இருக்கிறேன், இரைச்சல் என் தொழில். நீங்கள் கேட்பது வீட்டுக் கரண்டின் இரைச்சல். பெட்டி ஒரு பிளக்கிலும் கம்பியூட்டர் வேறு பிளக்கிலும் இருந்தால் வயர் வழியாக எர்த் சுற்றி வரும். இரண்டையும் ஒரே பலகையில் குத்திப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் பதிகிற நேரம் மட்டும் பெட்டியைப் பற்றரியில் ஓட்டுங்கள், அடங்கிவிடும்.

ஆனால் எனக்கு ஒரு யோசனை. நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். மேற்கத்திய ஜி சுரம் அடியில் 49 ஹேர்ட்ஸ். ஆகவே அந்த இரைச்சல் ஜியை விடக் கொஞ்சம் மேலே நிற்கிற ஒரு சுருதி. ராத்திரியில் கொழுந்து வாட்டுகிற காற்றாடி எல்லாம் ஓடும்போது நான் அதில் சுருதி பிடித்துப் பாடுவேன், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில். உங்கள் பெட்டியில் மாஸ்டர் டியூன் (பெட்டியின் மொத்தச் சுருதி) 430 முதல் 450 ஹேர்ட்ஸ் வரை போகும், திரையில் 40.0 என்று காட்டுவது 440. அதை 49.0க்கு, அதாவது 449க்கு ஏற்றினால் ஜி நேராகக் கரண்ட் இரைச்சலோடு போய் உட்காரும். இரைச்சலை விரட்டாமல் சட்ஜமாக வைத்துக்கொள்ளலாம். டீச்சர் அடிக்க வர வேண்டாம். கறுப்புக் கட்டை விளையாட்டு வேண்டுமென்றால் எல்லாக் கட்டையையும் சேர்த்து நகர்த்துகிற ட்ரான்ஸ்போசில் ஒரு கட்டை, நாலு கட்டை என்று மாற்றி ஜிக்குக் கொண்டு வரலாம்.

சங்கீத டீச்சர் (பதுளை) எழுதியது:

அடிக்க வரவில்லை. இது நல்ல சட்ஜம். தம்பி, சுத்த தன்யாசிக்கு நீங்கள் சட்ஜமாக வைத்திருப்பது இரண்டு கட்டைக் கூட்டத்தின் இரண்டாவது கட்டை. அங்கிருந்து ஜிக்கு நாலு கட்டை ஏற்ற வேண்டும்.

தப்புக்காரர் பேரன் (தலவாக்கலை) எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மழை, கரண்ட் கட், பிறகு கடையில் ஓ லெவல் பிள்ளைகளின் வேலை.

இரைச்சலைச் சட்ஜமாக வைத்தேன். நைட்சிப்ட் அண்ணே, உங்களுக்குப் பெரிய கும்பிடு. தொடக்கத்தில் வெறும் இரைச்சல் மட்டும் இருபது செக்கன். கேட்பவர்கள் ஸ்பீக்கர் பழுது என்று நினைப்பார்கள். அதற்குள்ளிருந்து ச-ப மெல்லக் கிளம்பும். பிறகு ஆறு அடி. மேலே ஒரே ஒரு குரல், போர்ட்டமெண்டோ போட்டு, சுத்த தன்யாசியில் நாலு சுரத்துக்கு மேல் போகாமல். எங்குமே கோட் இல்லை. இப்போதைக்கு இரண்டு நிமிடம் நாற்பது செக்கன் இருக்கிறது. கேட்டால் சினிமா ஞாபகம் வரவில்லை, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

போன ஞாயிறு தாத்தாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். விரல் தொடையில் ஆடியது, ஆறாவது அடியில் சரியாக நின்றது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, "குச்சி சத்தம் கேக்குது. தோல் எங்கடா?" என்றார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. என் அடி தட்டென்று விழுந்து முடிந்துவிடுகிறது. தப்பில் அடி விழுந்த இடத்தில் தோல் ஒரு கணம் இறுகி, பிறகு தளர்கிறது. சுருதி மேலே ஏறி இறங்குகிறது. மாமாவுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். 'பாட்ச்' வரிசையில் மூலத்தை ஃபில்டர் ஈஜி (ஃபில்டருக்கான அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ் நாலும்) என்றும் போகிற இடத்தைப் பிட்ச் (சுருதி) என்றும் வைத்து, அந்த ஈஜியின் டிகேயைக் குறைவாக வைக்கச் சொன்னார். அடித்த கணத்தில் சுருதி மேலே இருந்து கீழே விழுகிறது. முதலில் அதிகமாக வைத்து விளையாட்டுத் துப்பாக்கி மாதிரி வந்தது. அளவைக் குறைத்துக் குறைத்து 18இல் நிறுத்தினேன். ரைட் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினேன், தாளிலும் எழுதினேன்.

நேற்று மறுபடி கேட்கக் கொடுத்தேன். "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பனியில் இதுக்குச் சுருதி இறங்குமா என்று கேட்டார். இது டிஜிட்டல் தாத்தா, இறங்காது என்றேன். அப்படியென்றால் இதை நெருப்பில் காய்ச்சவே வேண்டாமா என்றார். வேண்டாம் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அதனால் ஒரு கேள்வி மாமா. கூத்து ராத்திரியில் தப்பு முதலில் தளர்ந்து இருக்கும், நெருப்பில் காட்டிக் காட்டி விடியற்காலையில் கணீர் என்று ஏறும். என் இரண்டு நிமிடம் நாற்பது செக்கனுக்குள் அந்த ஏற்றத்தைக் கொண்டுவரப் பார்க்கிறேன். சட்ஜத்தைத் தொடாமல், அடியின் சுருதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கையால் குமிழைத் திருப்பிக்கொண்டே பதிந்தால் நடுங்குகிறது. குமிழைத் தானாக ஆட்டுகிற மாதிரி வேலை செய்கிற எல்எஃப்ஓவை மிக மெதுவாக ஓடவிட்டால் முடியுமா?

சவுண்ட்செட் மாமா (ஹட்டன்) எழுதியது:

எல்எஃப்ஓ ஏறின பிறகு இறங்கவும் செய்யுமே தம்பி. நடுங்கட்டும், கையாலேயே திருப்பு. நெருப்பில் காட்டுகிறவர் கையும் ஒரே சீராக இருப்பதில்லை.